பெரியப்பா வென்ற ரிவர்ஸ் போட்டி

பெரியப்பா கடைசியாக வண்டி ஓட்டியது, எருமப்பட்டிக்கு அருகே எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவில். அவரை ஓட்ட வைத்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது; அவருக்கு அறுபத்திரண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு, கோழிப்பண்ணை ஒன்றில் தீவன லாரியைப் பின்னால் எடுக்கையில், சுவரோரம் நின்ற கூலியாள் ஒருவர் நசுங்கி இறந்தார். லாரியில் பெரியப்பாவும் அவர் மகனும் இருந்தனர். "நாந்தாங்க ஓட்டினேன். கண்ணு செரியாத் தெரியலீங்க" என்று பெரியப்பா போலீசாரிடம் சொன்னார். லைசென்ஸ் போனது. நாற்பது ஆண்டுகள் ஒரு கீறலின்றி ஓட்டியவரை ஊர் குருட்டு டிரைவர் என்றது. அவர் ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை.

டிரெய்லர் மாட்டிய டிராக்டரை, இருபுறமும் நட்ட மூங்கில் கழிகளில் படாமல், பின்னோக்கி விரைந்து ஓட்டவேண்டும். அதுதான் விழாவில் நடந்த போட்டி. மைக் பிடித்தவர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டார். "கண்ணு தெரியாதவங்களும் வரலாமுங்க! இங்க கழிதான் சாகும்!"

கூட்டம் சிரித்தது. நான் பெரியப்பாவின் கையை இழுத்தேன்.

"ஓட்டிக் காட்டுங்க பெரியப்பா."

"வேண்டாஞ் சாமி."

அவர் மகனான அண்ணனும், "ஊட்டுக்குப் போலாம் வாங்கப்பா" என்று அவசரப்படுத்தினான். நான் விடவில்லை. "உங்களுக்கு நெசமாவே கண்ணு தெரியாதுங்களா?"

பெரியப்பா என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

ஒரு கை ஸ்டியரிங்கில். கழுத்து மட்டும் பின்னால் திரும்பியிருந்தது. வளைவிலும் வேகம் குறையவில்லை. ஒரு கழியும் அசையவில்லை. அவர் வயதில் பாதிகூட ஆகாத பதினோரு பேரும் அவரிடம் தோற்றார்கள். நான் தொண்டை கம்மும்வரை கத்தினேன்.

இறந்தவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிராக்டர் அருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, நாலு விரக்கடை சந்துல கழி தெரியுது. எங்கூட்டுக்காரரு தெரியலீங்களா? அன்னிக்கு ஓட்டுனது யாருங்க?"

பெரியப்பா இன்ஜினை அணைத்தார். எல்லாரும் அண்ணனைத் தேடினார்கள். அவனுடைய பைக் அதற்குள் தார்ச்சாலையை எட்டியிருந்தது.

பரிசான எவர்சில்வர் குடத்தை வாங்க யாரும் போகாததால் நானே போய் வாங்கினேன். இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடி, "பெரியப்பா செயிச்சுட்டாருங்க!" என்று வாசலிலேயே கூவினேன்.

செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. பெரியம்மா என்னை ஓங்கி அறைந்தார். "கெடுத்துப்போட்டியேடி பாவி!"

பெரியப்பாவின் நல்ல பெயரை மீட்டுக் கொடுத்ததற்கு எதற்காக அடி என்று விம்மிக்கொண்டே கேட்டேன். மகனுக்காகத்தான் அவர் அந்தப் பெயரை விட்டுக்கொடுத்தார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.