பலிக்காத வேண்டுதலுக்குத் தீமிதித்தேன்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று முதலில் கண்டது நான்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் பதினாறு வருடமாக ரத்தம் பார்க்கிறேன். கரியாலூர் மலைக்கு வேன் ஓட்டுகிறவர் என் கணவர்; காய்ச்சல் விடவில்லை என்று அங்கேயே வந்து உட்கார்ந்தார். அவர் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன்; அதிலும் அதேதான்.

புதுச்சேரியில் வைத்தியம் தொடங்கினோம். ஒரு மாத்திரை தவறியதில்லை. அதோடு, அவர் குணமானால் எங்கள் ஊர் திரௌபதியம்மனுக்குத் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். லேப் டாக்டருக்குச் சிரிப்பு.

“இன்னாமா, செல்லை எண்ணிப் பாக்கற நீயே நெருப்புல எறங்கறேன்ற?”

“வைத்தியத்த உட்டுட்டா எறங்கறேன், சார்? அதுவும் நடக்குது, இதுவும் நடக்கட்டும்.”

ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தார். கடைசியில் புதுச்சேரி டாக்டர் எங்களை உட்காரவைத்து, “இனிமே எங்க கையில ஒண்ணுமில்லம்மா” என்றார். நேர்மையான மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதன்பிறகும் என் கணவர் நாற்பது நாள் உயிரோடிருந்தாரே! வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பயத்துக்கு? பொழுது சாய்ந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிடுவேன். அவரும் கூடவே முணுமுணுப்பார். உடம்பு தளர்ந்து, அப்படியே தூங்கிப்போவார். மாசியில் போய்விட்டார்.

சித்திரையில் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். நானும் போய்க் கையை நீட்டினேன். பூசாரி தயங்கினார்.

“தாலியறுத்து ரெண்டு மாசம்கூட ஆவல. ஒனக்கு இன்னாத்துக்குமா காப்பு?”

“வேண்டிக்கினது நானு. கட்டுங்க.”

கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன். கட்டினார்.

மறுநாள் என் மணிக்கட்டில் காப்புக் கயிற்றைப் பார்த்த லேப் டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. “புருஷனயே காப்பாத்தலியேம்மா அந்த சாமி” என்றார்.

“ஊசி மருந்துந்தான் காப்பாத்தல, சார். அதுக்காக அடுத்த ஆளுக்குப் போடாம உட்டுடுவாங்களா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்னிக் குண்டத்தில் இறங்கினேன். ஓடவில்லை, நடந்தே கடந்தேன். நடக்கும்போது அவரைப் பறிகொடுத்த பிறகு முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். சுற்றி இருந்த கூட்டம் அதை அம்மன் அருள் என்றது. நானும் அப்படித்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

“கொப்புளம் வந்துட்டுதா?” என்றார் டாக்டர்.

“வந்துட்டுது, சார். மருந்து போட்டிருக்கேன். அடுத்த வருசமும் எறங்குவேன்.”

ரத்தம் கொடுக்க ஏழு பேர் காத்திருந்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டேன்.