பல் இல்லாத பெரியவருக்கு ஒரு குல்லா

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்து நான் பெற்றது. ஆறாவது மலர், என் மூத்த மகளின் பெண். மகள் காய்ச்சலில் போனபோது மலருக்கு மூன்று வயது. அன்றிலிருந்து அவளுக்கு அம்மாவும் நான்தான், ஆயாவும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துவிட்டு, இந்தக் கிழவிக்கு இவ்வளவு கர்வம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

வெளிநாடு போனவர்கள்தான் இப்படியெல்லாம் ஊருக்கு எழுதுவார்கள் என்று மலர் சொல்கிறாள். நான் கடல் தாண்டவில்லைதான். பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்குத் திருப்பதி வந்துவிடலாம். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். ஊரில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, பிள்ளைகள் பெரிதான பிறகு, மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். ரேஷன் கடைப் பலகையையும் பஸ் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாரையும் கேட்க மாட்டேன். இங்கே வந்த முதல் நாள் பஸ் நிலையத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன், எல்லாம் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. கற்ற எழுத்தெல்லாம் எல்லையிலேயே இறங்கிக்கொண்டது போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். காய்காரரிடமும் பேசிவிடுவேன், கறிக்கடையிலும் பேசிவிடுவேன். பலகைக்கு முன்னால் மட்டும் வாயில்லாதவள்.

மலர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த சித்தூர்ப் பையன் சுரேஷைக் கட்டிக்கொண்டாள். தெலுங்குப் பிள்ளை, தங்கமான பிள்ளை. இருவரும் திருப்பதியில் வீடு எடுத்தபோது, இரண்டு மாதம் இருந்துவிட்டு வா என்று என்னை அழைத்தார்கள். நாலு வருஷம் ஆகிறது. சுரேஷின் அம்மா ரமணம்மா சித்தூரில் இருக்கிறார். அவர் என்னை வதினா என்பார், தெலுங்கில் அண்ணி, நான் அவரைச் சம்பந்தியம்மா என்பேன். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் குழம்பில் புளி போதவில்லை என்று அவர் நினைக்கிறார், அவர் குழம்பில் புளியைத் தவிர வேறு எதுவுமில்லை என்று நான் நினைக்கிறேன். இருவரும் இதை வாயால் சொன்னதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மலர் முழுகாமல் இருந்தாள். சின்னஞ்சிறுசுகள் இருவரும் ஆசையில் போனிலேயே ஒரு ஜோடி காலுறை வாங்கிவிட்டார்கள், கட்டைவிரல் அளவுக்கு, மஞ்சள் நிறத்தில். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காலுறையை எங்கே வைப்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தூக்கிப்போடவும் முடியவில்லை, பீரோவைத் திறந்தால் கண்ணில் படவும் படுகிறது. மறுபடி நாள் தள்ளியபோது மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "ஆயா, இந்த வாட்டி ஒண்ணும் வாங்கக் கூடாது. ஒரு கர்ச்சீப்கூட." எங்கள் ஊர் வழக்கமே அதுதானே. பிள்ளை பிறக்கிற வரைக்கும் புதுசாக ஒன்றும் எடுக்க மாட்டோம். பிறந்த பிறகு பெரியவர்கள் கட்டித் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பழம்புடவையில் சுற்றுவோம். சரிம்மா என்றேன்.

சரி என்று வாய் சொன்னது. கை கேட்கவில்லை. ஊரில் ஒயர் கூடை போட்ட கை இது. இங்கே மாடி வீட்டுப் பெண்கள் சாயங்காலம் உட்கார்ந்து உல்லன் பின்னுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரே மழைக்காலத்தில் பின்னல் ஊசியைப் பிடித்துவிட்டேன். சுரேஷுக்கு ஒரு மப்ளர், வாட்ச்மேன் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர். எல்லாருக்கும் பின்னிவிட்டு அந்த ஒருவருக்கு மட்டும் பின்னாமல் கையைக் கட்டிக்கொண்டிரு என்றால் எப்படி. ஏழாம் மாதம் நடக்கும்போது, கல்யாண மண்டபம் ஒன்றில் நூல் கண்காட்சி போட்டிருக்கிறார்கள், எங்கெங்கேயோ இருந்து கடை வந்திருக்கிறது என்று மாடி வீட்டுப் பெண் சொன்னாள். கோவிந்தராஜர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மலரிடம் சொல்லிவிட்டு, மண்டபத்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே ஷேர் ஆட்டோ ஏறினேன். கோயிலுக்கும் போனேன், பொய் ஆகக் கூடாது என்று. வாசலில் நின்று ஒரு கும்பிடு.

அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. ஊரில் நூல் என்றால் பருத்தி, மிஞ்சினால் பட்டு. இங்கே வாழைப்பட்டையில் நூல். மூங்கிலில் நூல். ஒட்டக மயிர் என்று ஒன்று, முகர்ந்து பார்த்தேன், ஒட்டகம் இன்னும் அதற்குள்தான் இருந்தது. பழம்பட்டுப் புடவைகளைக் கிழித்து முறுக்கிய நூல் ஒரு கடையில் மலை மாதிரி குவிந்திருந்தது. யார் யார் கல்யாணத்துப் புடவையோ, எல்லா ஜாதியும் ஒரே கயிறாகக் கிடந்தது. பெண்கள் பெண்கள் பெண்கள். ஒவ்வொருத்தியும் நூலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள், இழுத்துப் பார்க்கிறாள், பெருமூச்சு விட்டு வைக்கிறாள். நானும் ஒவ்வொரு கடையிலும் நின்று, வாங்கப்போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். அவசரம் எனக்கு எப்போதுமே கிடையாது.

ஒரு கடையில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மா ஒருத்தர் இருந்தார். யாருக்கு என்று தெலுங்கில் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிறக்காத பிள்ளைக்கு என்று கடைவீதியில் சொல்ல வாய் வருமா? ஒரு பெரியவருக்கு என்றேன், ஒரு குல்லாவுக்கு. உடனே அவர் கறுப்பாக, முரடாக ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். மலை நாட்டு எருமையின் மயிராம், கிழவர்களுக்கு அதைவிடக் கதகதப்பு வேறில்லையாம். அதில் கயிறு திரித்தால் வண்டிமாடு கட்டலாம். எங்கள் பெரியவருக்கு மெல்லிய தோல், இது ஆகாது என்றேன். அவ்வளவு வயதா என்றார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். பல் ஒன்றுகூட இல்லை. தலையில் இருந்தால் கொஞ்சம் பூனைமுடி இருக்கும். நடக்க மாட்டார். எந்நேரமும் தூக்கம்தான், பால் மட்டும்தான் ஆகாரம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை பாருங்கள். கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அய்யோ பாபம் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு மேசைக்குக் கீழே குனிந்து ஒரு சிட்டம் நூலை எடுத்தார். வெள்ளை என்று சொல்ல முடியாது, சீம்பாலின் நிறம். பாலிலிருந்து எடுத்த நூலாம். பாலில் வெண்ணெய் எடுப்பார்கள், தயிர் எடுப்பார்கள், நூல் எடுப்பார்களா என்று கேட்டேன். எடுக்கிறார்கள் என்றார். கண்ணுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வைத்ததே தெரியவில்லை. இதுதான், இதேதான் என்று மடியிலிருந்து சுருக்குப்பையை எடுக்கும்போது அவர் கையைக் காட்டித் தடுத்தார். இது ஒன்றுதான் மிச்சம், இதையும் வேறொரு அம்மா எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார், பாவம், அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பெரியவர், பல் கிடையாது, படுத்த படுக்கை என்றார்.

திரும்பினால் என் சம்பந்தியம்மா வருகிறார், சித்தூரிலிருந்து, கையில் காகித டம்ளரோடு.

"ஏமி வதினா, மீரு இக்கட?" என்றார். நீங்கள் எங்கே இங்கே என்று. முகத்தில் ரத்தம் இல்லை.

"கோயிலுக்கு வந்தேன்" என்றேன். "நீங்க?"

"நானும் கோயிலுக்குதான்" என்றார்.

கடைக்காரம்மா எங்கள் இருவரையும் பார்த்து மகிழ்ந்துபோனார். ஒருவருக்கொருவர் தெரியுமா, இரண்டு வீட்டிலும் இப்படியா, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார். சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? எழுபது வயதில் ஸ்கூட்டரில் பால் பாக்கெட் வாங்கப் போகிற மனுஷன், முறுக்கை நறுக் நறுக்கென்று கடிப்பவர். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் நான், உங்க வீட்ல அண்ணனுக்கு உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. காபியை உறிஞ்சினார். நான் சிட்டத்தைத் தடவினேன். அதற்குள் கடைக்காரம்மா கத்தரிக்கோலை எடுத்து, நூலை இரண்டாகப் பிரித்து வைத்து, கத்தரியின் வாயைத் திறந்துவிட்டார்.

"வத்து! கத்தர வத்து!" என்று சம்பந்தியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். காபி மேசையில் கொட்டியது. கத்தரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிடித்த பிடியை விடவே இல்லை. அதே சமயம் என் கையும் சிட்டத்தை மூடிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். கிழவன் குல்லாவுக்கு வெட்டுகிற நூலுக்கு யார் இப்படிப் பயப்படுவார்கள்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, அதற்கென்று எடுத்த நூலை வெட்ட அந்த வீட்டுக்கும் மனசு வரவில்லை, இந்த வீட்டுக்கும் வரவில்லை. அன்றைக்கு வரைக்கும் அந்த அம்மாள் ராத்திரி எத்தனை முறை எழுந்து சாமியைக் கும்பிடுகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. என் பேத்தி, என் பயம் என்றே இருந்துவிட்டேன்.

சிட்டத்தை வெட்டாமல் வாங்கினோம். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, அவர் கையில் மாட்டிப் பிடிக்க, நான் உருண்டையாகச் சுற்றினேன். அப்போதும் பிள்ளை என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

"உங்க பெரியவருக்கு நீங்க இன்னா பின்றீங்க?" என்றேன்.

"காலுக்கு வதினா. காலு சில்லுனு இருக்கக் கூடாதில்ல."

"அப்ப தல எனக்கு."

"தல உங்களுக்கு" என்றார் சம்பந்தியம்மா. நூலைத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டே, "நல்லா உதைக்கிறாரா?" என்று கேட்டார்.

"நேத்து உதைச்ச உதையில மலரு துன்னுக்கினு இருந்த தட்டே ஆடிச்சி" என்றேன். மண்டபத்து வாசற்படியில் இரண்டு கிழவிகள் அப்படிச் சிரித்ததைத் திருப்பதி பார்த்திருக்காது.

உருண்டையின் வெளி நுனி அவருக்கு, உள் நுனி எனக்கு. இதுதான் ஏற்பாடு. ஒரே உருண்டை, இரண்டு பக்கத்துப் பின்னலும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மருமகளைப் பார்க்க வருவார். வரும்போது கட்டைப்பையில், மாங்காய்க்கு அடியில், எல்லாம் வரும். போகும்போது என் முறுக்குக்கு அடியில் போகும். மலர் இல்லாத நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவர் என் பின்னலை இழுத்துப் பார்ப்பார், நான் அவர் பின்னலை. என் கை தளர்வு, அவர் கை இறுக்கம். வேறொரு காலமாயிருந்தால் சொல்லிக்காட்டியிருப்பேன். ஆனால் இருவருமே முடிக்கவில்லை. கடைசிக் கண்ணிகளை மூடாமல் ஊசியிலேயே விட்டோம். மூடாத குல்லா குல்லா ஆகாது, நூல்தான். ஒன்றும் வாங்கக் கூடாது, வைக்கக் கூடாது என்று மலர் சொன்னதை நாங்கள் மீறவில்லை என்று இருவரும் சாதித்தோம். போனில் அவர் தினமும் கேட்பார், பெரியவர் எப்படி இருக்கிறார் என்று. நல்லா இருக்கிறார் என்று நான் சொல்லுகிற வரைக்கும் அந்தப் பக்கம் மூச்சு சத்தம் கேட்காது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் நான் உடனே பதில் சொல்லவில்லை. காலையிலிருந்து அசைவு தெரியவில்லை என்று மலர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சம்பந்தியம்மா வேறெதுவும் கேட்காமல் போனை வைத்தார். நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, சுரேஷ் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் சித்தூரிலிருந்து வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் அந்தப் பை. நான் அதைப் பார்க்கவில்லை, அவரும் திறக்கவில்லை. கையை மட்டும் என் கைமேல் வைத்திருந்தார். டாக்டரம்மா கதவைத் திறந்து, பெண் குழந்தை, அம்மாவும் நலம் என்று தெலுங்கில் சொன்னபோது, எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லைக்கூட யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் பை திறந்தது. அந்தப் பெஞ்சிலேயே, வருகிறவர் போகிறவர் பார்க்க, இருவரும் கண்ணிகளை மூடினோம். என் பழம்புடவையில் சுற்றிய பிள்ளை மலரின் பக்கத்தில் கிடந்தது. குல்லாவும் காலுறையும், நடுவில் உருண்டையுமாகக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தபோது மலர் பார்த்தாள். கோபிப்பாளோ என்று இருந்தது. கத்தரி கேட்டாள். நர்ஸிடம் வாங்கிக் கொடுத்தோம். குல்லாப் பக்கம் ஒன்று, காலுறைப் பக்கம் ஒன்று, அவளே வெட்டினாள். வெட்டிவிட்டுத்தான் அழுதாள்.

பிள்ளைக்கு நாலு மாதம் ஆகிறது. என்னைப் பார்த்தாலும் சிரிக்கிறது, அவரைப் பார்த்தாலும் சிரிக்கிறது. நான் தமிழில் திட்டுகிறேன், அவர் தெலுங்கில் கொஞ்சுகிறார். தலை வளர்கிறது, கால் வளர்கிறது, அதனால் மிச்ச உருண்டை யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை. ஒரு வாரம் எங்கள் அலமாரியில் இருக்கும், மறு வாரம் சித்தூருக்குப் போய்விடும். இந்த நிமிஷம் அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரும்பாலும் பஸ்ஸில் இருக்கும். எந்த ஊர் உனக்கு என்று என்னைக் கேட்கிறவர்களுக்கும் இப்போதெல்லாம் அதையேதான் சொல்லத் தோன்றுகிறது.

என் கையெழுத்தில் கால் எது, கொம்பு எது என்று எனக்கே சந்தேகம். மலரு, பாப்பா தூங்கிட்டாளா? அப்ப இங்க வந்து குந்து. முதல்லேர்ந்து படிச்சிக் காட்டு. அந்த மஞ்ச காலுறை எடத்தை மட்டும் வேணும்னா மனசுக்குள்ள படிச்சிக்கோ, மீதியை வாய்விட்டுப் படி.