முட்டை விழும் வேகம்

பென்னாகரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு எண்பதுகளின் நடுவில் ஒரு கணினி வந்தது. விசைப்பலகையும் எந்திரமும் சேர்ந்த ஒரு பெட்டி, டிவி மாதிரி ஒரு திரை, பாடங்களை ஏற்ற ஒரு டேப் ரெக்கார்டர். அதை இயக்கக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி சேலத்துக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். அறிவியல் டீச்சரான நான் ஒருத்தி. இன்னொருவர் கணக்கு டீச்சர்.

அவர் தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் உருது பேசும் வியாபாரக் குடும்பம். அண்ணன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தார். நான் பாப்பாரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். காடு கழனி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று என் வீடு ஓயாத வீடு. அவருக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட நான்கு வயது சின்னவர் என்றாலும் கடைசிவரை ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

மூன்று நான்கு வருடத்தில் அந்தக் கணினி பழசாகிவிட்டது. திரையின் ஓரம் மங்கிவிட்டது. டேப்பிலிருந்து பாதிப் பாடங்கள் ஏறவே ஏறாது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் அது ஓடியதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் காரணம். உண்மையைச் சொன்னால், ஒரு விளையாட்டுதான் காரணம்.

திரையின் மேலே ஒரு கோழி நடந்துகொண்டே முட்டையிடும். கீழே ஒரு கூடை. இடது பக்கம் நகர்த்த ஒரு விசை, வலது பக்கம் நகர்த்த ஒரு விசை. நூறு முட்டையில் எத்தனையைப் பிடித்தோம் என்று கடைசியில் காட்டும். சாயங்காலம் பள்ளி விட்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த அறைக்குள் போவோம். ஐந்தரை மணிக்கு அவருக்கு பஸ். அதுவரைக்கும் முட்டைதான். எனக்கு எழுபதைத் தாண்டாது. கணக்கு டீச்சர் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்க மாட்டார்.

ஒரு ஆனி மாதம் அவர் சொன்னார், "டீச்சர், கூடை லேட்டா வருதுங்க. நான் தட்டுறேன், அது அப்புறமா யோசிச்சு நகருது."

அன்று அவர் பிடித்தது எண்பத்திரண்டு.

"வோல்டேஜ் கம்மியா இருக்குங்க," என்றேன். பம்புசெட்டெல்லாம் ஓடும் நேரம். டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வேதியியல் ஆய்வகத்து ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்து மாட்டினோம். படம் ஆடாமல் நின்றது. கூடை மட்டும் லேட்டாகத்தான் வருகிறது என்றார். பெட்டி சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைப் பின்னால் வைத்தோம். டேப்பிலிருந்து ஏறும்போதே ஏதோ கெட்டுப்போகிறதோ என்று ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தோம். அந்த வாரம் அவருடைய எண்ணிக்கை எழுபத்தாறு.

கடைசியில் விசைப்பலகையைத் திறந்தோம். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நான் ஒரு தட்டில் போட்டேன். உள்ளே செம்மண், ஒரு செத்த எறும்பு வரிசை, யாரோ தின்ற முறுக்குத் தூள். "இதான் டீச்சர்! முறுக்கு தின்னா எதுதான் வேகமா நகரும்?" என்று அவர் சிரித்தார். எல்லாவற்றையும் துடைத்தோம். மூடும்போது ஆணி அவர் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மூன்று முறை கீழே விழுந்து மூன்று முறை தேடினோம். பிறகு திருப்புளியை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று அவர் முதலில் ஆடினார். எழுபது. பிறகு நான் ஆடினேன். எனக்கும் எழுபது. எனக்கு எப்போதும் அதுதானே. முறுக்குத் தூள் இருந்தபோதும் எழுபது, எடுத்த பிறகும் எழுபது. வோல்டேஜ் குறைந்த நாளிலும் எனக்கு எதுவும் லேட்டாக வந்ததில்லை.

அவர் அடுத்த முறை ஆடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். விரல் கீழே போகும் வேகத்தில் மேலே வரவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கவேண்டிய சதை பள்ளம் விழுந்திருந்தது. டிபன் கேரியரை ஒரு மாதமாக என்னிடம்தான் திறக்கத் தருகிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் வந்ததும் "இந்தப் பின்னைக் கொஞ்சம் குத்திவுடுங்க டீச்சர்" என்று தோளைக் காட்டுவதும்.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம்தான் கிருஷ்ணகிரியில் ஒரு இடம் பேசிவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தார். "வூட்டுல இந்தத் தடவ முடிஞ்சிரும்னு நம்புறாங்க" என்று, தனக்கு அதில் அக்கறை இல்லாததுபோல் காட்டிக்கொண்டு சொன்னார். கையில் ஏதோ கோளாறு என்ற பேச்சு என் வாயிலிருந்து கிளம்பினால் எங்கே போய் நிற்குமோ என்று பயந்தேன். இதுவும் முழு உண்மை இல்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த விளையாட்டின் கட்டளைகளை வரிவரியாகத் திரையில் வரவழைக்க முடியும். அதைச் சேலத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். முட்டை ஒரு படி இறங்கியதும் கணினி சும்மா நாற்பது வரை எண்ணும். எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த படி இறக்கும். அந்த எண்ணிக்கைக்குள் நாம் கூடையை நகர்த்தலாம். ஆடி மாதம், அவர் லீவு போட்டிருந்த ஒரு நாள், நாற்பதை அறுபதாக்கி டேப்பில் பழையதன் மேலேயே பதிந்துவைத்தேன்.

அடுத்த நாள் அவர் பிடித்தது தொண்ணூறு.

"சரியாயிருச்சுங்க டீச்சர்! என்னா பண்ணீங்க?"

"ஒரு ஒயரு லூஸா இருந்துச்சுங்க," என்றேன்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை இறங்கும்போதெல்லாம் ஒரு ஒயர் லூஸானது. அறுபது எண்பதாயிற்று. எண்பது நூற்றிருபது ஆயிற்று. கார்த்திகையில் இருநூறில் வந்து நின்றது. முட்டைகள் பஞ்சுபோல் மிதந்து இறங்கின. எனக்கும் நூறுக்கு நூறு வந்துவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே தவறவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பலகையில் அவர் எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பிள்ளைகள்கூடக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பள்ளிக் கண்காட்சிக்காக அந்த விளையாட்டில் இரண்டாவதாக ஒரு கோழியைச் சேர்க்கலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. நான் விடைத்தாள் கட்டுகளை வைத்துவிட்டு அறைக்குள் நுழைந்தபோது வரிகளைத் திரையில் வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த எடத்துல நாப்பது இல்ல இருந்துச்சு?"

நான் டேப் ரெக்கார்டரின் மூடியை மூடினேன்.

"யாரு இருநூறு போட்டது?"

"டேப்பு கெட்டுப்போயி மாறியிருக்குமுங்க."

"டேப்பு கெட்டா முழு நம்பராவா மாறும்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தி, இருநூறை அழித்து நாற்பது என்று அடித்தார்.

"வேணாமுங்க டீச்சர்," என்றேன்.

அவர் ஆடினார். முட்டைகள் பழைய வேகத்தில் விழுந்தன. கூடை இரண்டு மூன்று முட்டைக்குப் பிறகு நகர்ந்து வந்தது. பாதியில் எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழவில்லை. நூறு முட்டையும் விழும்வரை ஆடினார். கடைசியில் திரை காட்டியது ஒன்பது.

"எப்பலருந்துங்க தெரியும்?"

"ஆடியிலருந்து."

"இது கார்த்திகை," என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க." ஐந்தரை பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. போய் ஸ்டாண்டில் நின்றுகொண்டார்.

அண்ணன் அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். நரம்பில் வரும் நோய், மருந்து இல்லை, கையிலிருந்து காலுக்குப் போகும், பிறகு நாக்குக்கு வரும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கிருஷ்ணகிரிக்காரர்கள் விஷயம் தெரிந்து ஒதுங்கிக்கொண்டார்கள். முழுப் பரீட்சைவரை உட்கார்ந்தபடி பாடம் எடுத்தார். அதன்பிறகு நீண்ட லீவில் போய்விட்டார்.

லீவில் போவதற்கு முன்னால் ஒரு நாள் அவராகவே பேச்சை எடுத்தார். "ஆடியிலேயே வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்னு டாக்டர் சொன்னாருங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு, "ஆனா அந்த நாலு மாசம் தெரிஞ்சிருந்தா வேற ஏதாச்சும் பண்ணியிருப்பேன்," என்றார்.

என்ன பண்ணியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர் இல்லாமல் நான் அந்த அறையைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் தலைமையாசிரியர் அதை ஸ்டோர் ரூமாக்கினார்.

தர்மபுரிக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை குழறினாலும் பேசினார், அண்ணி தந்த டீயைக் குடிக்கச் சொல்லி என்னை வற்புறுத்தினார். இரண்டாம் முறை பேச்சு போய்விட்டிருந்தது. தலையணை உயர்த்தி வைத்த கட்டிலில் படுத்திருந்தார். கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவருடைய அம்மா உருதுவில் ஏதோ சொல்லி அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். நான் பள்ளிக் கதைகளைச் சொன்னேன். புது கணக்கு சார் வந்தது, மழையில் சுவர் இடிந்தது, ஏரியூர்ப் பெண் ஒருத்தி மாவட்டத்தில் கணக்கில் முதலாவதாக வந்தது. ஏரியூர்ப் பெண்ணைச் சொன்னபோது கண்ணை மூடித் திறந்தார். அவருடைய மாணவி அவள். இன்னும் சொல்லுங்க என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். "பஸ் போயிருமுங்க," என்று எழுந்தேன். அவருடைய அம்மா வாசல்வரை வந்தார். எட்டு மணிவரை பஸ் உண்டு என்று எனக்குத் தெரியும். கணக்கு டீச்சருக்கும் தெரியும், அதே தடத்தில் எத்தனை வருடம் வந்துபோனவர்.

அந்த வருடம் மாசியில் செய்தி வந்தது. வகுப்பில் இருந்தேன். மணி அடிக்கும்வரை பாடத்தை நடத்தினேன்.