நோன்பு திறக்க வந்த டம்ளர்

கலியமூர்த்தி ஐயாவின் மூக்கிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. கைக்குட்டை நனைந்துவிட்டது. அவர் மனைவி முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தார். அதுவும் நனைந்துகொண்டிருந்தது. சென்ற ரமலானின் நடுவில், மாசி மகத்துக்கு முந்தின நாள் காலை அது. அவருக்கான மருந்தின் அளவைப் பார்த்துவந்தவள் நான்.

சகோதரிகளே, எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான ஒரு சிறிய கிளினிக்கில் நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடியாது. சில நோயாளிகளை உட்காரவைத்துப் பேசி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். அந்த மாத்திரையின் வேலை குறைந்தால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும். கூடினால் உடம்புக்குள் எங்காவது கசியும். மூளையில் கசிந்தால் ஆள் மிஞ்சமாட்டார். பரிசோதனை எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும்வரை நிம்மதி.

கலியமூர்த்தி ஐயா ஹவில்தாராக இருந்தவர். வீடு தவளக்குப்பத்தில். இதயத் துடிப்பு சீராக இல்லை. ஒருமுறை லேசான பக்கவாதம் வந்து மீண்டிருந்தார். இரண்டு வருடமாக அவர் எண் ஒரே இடத்தில் நின்றது. பொங்கலுக்குப் பிறகு ஏற ஆரம்பித்தது. மருந்தைக் குறைத்தேன். ஏறியது. மறுபடி குறைத்தேன். மறுபடியும் ஏறியது.

என்னால் யோசிக்க முடிந்ததையெல்லாம் யோசித்தேன். நான் தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டேனா? அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறந்துபோய் இரண்டு தடவை போட்டுக்கொள்கிறாரா? மீதி மாத்திரைகளை எண்ணினேன். அதுவும் சரி. நாட்டு மருந்து, கஷாயம், குடி, கீரை, கல்லீரல் கோளாறு என ஒவ்வொன்றாகக் கேட்டும் சோதித்தும் ஆயிற்று. வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லை என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை.

அன்று காலை எண் ஆறைத் தாண்டியிருந்தது. மூக்கில் அழுத்திப் பிடித்து ஒருவழியாக இரத்தத்தை நிறுத்தினோம். டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லி, அதன் வேகத்தைக் குறைக்க வைட்டமின் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள் என்றார். ஐயா மறுத்துவிட்டார்.

"என் கூட இருந்தவன்லாம் அங்க போய் படுத்தான், எவனும் திரும்பி வர்ல. நான் ஊட்லயே இருக்கறேன், டாக்டர்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ரிஸ்வானா, காரணம் தெரியாம இந்த மருந்தை மறுபடி ஆரம்பிக்க முடியாது. ஆரம்பிக்காம விட்டா ஸ்ட்ரோக் வரும். நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

ஐயாவின் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதிய ழுஹர் தொழுகையை மருந்து ஸ்டோரில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபோது மனத்தில் எண்கள்தான் ஓடின. அவர் இப்போது வீட்டுக்குப் போயிருப்பார். கால் தடுக்கி விழுந்தால்? தலையில் சின்ன அடி பட்டால் போதும். நாளைக்கு மகம், கிளினிக் கிடையாது, எங்கள் லேப் கிடையாது. காலையிலிருந்தே தலை வேறு வலித்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் தேநீர் குடிக்காமல் விட்டதன் பலன்.

சாயங்காலம் டாக்டரிடம் கேட்டேன், அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று.

"போய் எதைப் பாக்கப்போறே? சமையல்கட்டையா?"

"ஆமா டாக்டர். அதைத்தான்."

போ என்று கையை அசைத்தார்.

கடலூர் ரோட்டில் அன்று நகர முடியவில்லை. மறுநாள் கடற்கரைக்குப் போகிற சாமிகள், வண்டிகள், மேளம். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றே விட்டது. அம்மா போன் செய்து, சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்துவிடுவாய்தானே என்று கேட்டார். வந்துவிடுவேன் என்றேன். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் வேலை போய்விடும் என்ற பயம் அப்போது இல்லை. அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்குமோ, உள்ளே அழுகைச் சத்தம் கேட்குமோ என்ற பயம்தான். பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே போனேன்.

வாசலில் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் பஞ்சு. என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, வாரன்ட் எடுத்துகினு வந்துட்டியா?" என்றார்.

அவரை அப்படி உயிரோடு பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் மனைவி தனலட்சுமி அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டப்பா விடாமல் திறந்து காட்டினார். சீரகம், வெந்தயம், பெருங்காயம், சுக்கு. சாமி அலமாரியில் விபூதி. கட்டிலுக்கு அடியில் ஒரு தைல பாட்டில். பரிசோதனை எண்ணை அவ்வளவு ஏற்றுகிற தைலம் இல்லை அது. குளிர்சாதனப் பெட்டியில் மீன் குழம்பு. குப்பைக்கூடையைக்கூடப் பார்த்தேன். "இந்த ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்மாம் பாத்ததில்ல பாப்பா," என்றார். எதுவும் கிடைக்கவில்லை.

வரவேற்பறையில் உட்கார்ந்தேன். தேடுவதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடி ஷோகேஸில் பிரான்சில் இருக்கும் அவர்கள் மகள் கொண்டுவந்த சாமான்கள். சென்ட் பாட்டில், சாக்லேட் டப்பா, குட்டி கோபுரம். இந்த ஊரில் பாதி வீடுகளில் பார்த்தவைதான். என் கண் அவற்றின் மேலேயே நின்றது. ஆனால் எதையும் பார்க்கவில்லை.

சூரியன் மறையும் மஃரிபு நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்களே என்று போன் காட்டியது. வீட்டுக்குப் போய்ச் சேர வழியில்லை. நோன்பு திறக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டேன்.

"ஐயோ, காலைலேர்ந்து பச்சத் தண்ணிகூட இல்லயா?" என்று தனலட்சுமி அம்மா பதறினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தலைவலியா என்றார். ஆமாம் என்றேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கும் துஆ தள்ளப்படாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் அந்த நேரத்துக்கென்று ஒரு வரிசை வைத்திருப்பேன். அத்தாவின் கண் ஆபரேஷன், தங்கையின் பரீட்சை, வீடு, அப்புறம் என் விஷயங்கள். அன்று அந்த வரிசை வாயில் வரவில்லை. அந்நிய வீட்டு சோபாவில் கையேந்தி உட்கார்ந்திருந்தேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யா அல்லாஹ், எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரியாததை நீ காட்டு. இந்த மனிதரைக் காப்பாற்று."

வாசலில் இருந்த ஐயா உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். தனலட்சுமி அம்மா ஒரு தட்டில் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார். மற்றதை என்னிடம். பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கினேன். உதட்டருகே கொண்டுபோனபோது முகத்தில் சில்லென்று துளிகள் தெறித்தன. டம்ளருக்குள் ஏதோ சீறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, காசைவிடப் பெரிதாக ஒன்று நுரைத்துக் கரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, இது என்ன?"

"சோடாதான் பாப்பா. பிரான்ஸ் சோடா. பொண்ணு பொங்கலுக்கு வந்தப்ப எடுத்தாந்தது. தலவலி, கால்வலி எல்லாத்துக்கும் கேக்கும். இவரு முட்டிவலிக்கு அதத்தான் டீ மாதிரி குடிக்கறாரு."

நான் எழுந்து ஐயாவின் கையிலிருந்த டம்ளரைப் பிடித்தேன். அவர் அதிர்ந்துபோனார். எனக்கு மரியாதையெல்லாம் நினைவில்லை.

தனலட்சுமி அம்மா ஷோகேஸைத் திறந்து, சென்ட் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து குழாய் போன்ற ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பின்னால் அதே போல் இன்னும் சில காலி டப்பாக்கள் இருந்தன. அழகாக இருக்கிறது என்று எறியாமல் வைத்திருக்கிறார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அதில் எழுதியிருந்த ஒரு சொல்லை எந்த மொழியில் எழுதினாலும் தெரியும். பாராசிட்டமால். நம் ஊர்க் காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து. ஒவ்வொன்றிலும் ஒரு கிராம். எப்போதாவது ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் மூன்று நான்கு என்று வாரக்கணக்கில் உள்ளே போனால், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தின் வேகத்தை அது ஏற்றிக்கொண்டே போகும். நான் குறைக்கக் குறைக்க எண் ஏறியது இதனால்தான்.

"ஏன் ஐயா சொல்லல?" என்றேன்.

"நீ மாத்திர போடறியான்னு கேட்ட. நான் எங்கம்மா மாத்திர போட்டேன்? இது குடிக்கறது."

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "சோடா குடிக்கறாரான்னு நீ கேக்கவே இல்லயே பாப்பா."

பச்சைத் தண்ணீரில் நோன்பு திறந்தேன். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்த டப்பா ஒண்ணு விடாம எடுத்துட்டு வா," என்றார். தலைவலி, வாந்தி, கறுப்பாக மலம், எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்று இருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி, சொன்னதை அவர்கள் வாயால் சொல்லவைத்த பிறகுதான் கிளம்பினேன்.

அதோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. மறுநாள் முழுவதும் ஊர் மேளச் சத்தத்தில் இருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் எண் இன்னும் இறங்கவில்லை. இரவு தராவீஹ் தொழுகையிலும் காது போன் பக்கமே இருந்தது. அம்மா என் பக்கத்தில் நின்று, என் முழங்கையைத் தொட்டுக்கொண்டே தொழுதார்.

கிளினிக் திறந்த அன்று ஐயா நடந்து வந்தார். எண் மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் படித்தவள், இதைச் சொல்லியாக வேண்டும். மருந்தை நிறுத்தி, வைட்டமின் கொடுத்தால் எண் இறங்கத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து நான் சாட்சி சொல்லவில்லை. சில நாளில் பழைய மருந்தைப் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்தோம். சோடா இல்லை. முட்டிவலிக்கு ஒத்தடமும் பயிற்சியும். பெருநாள் வந்தது, போனது. எண் தன் பழைய இடத்தில் வந்து நின்றது. இதை எழுதும் வரை அங்கேயே நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அந்த முடிவு வந்த அன்று ஸ்டோருக்குள் போய், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நன்றி ஸஜ்தாவில் விழுந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"நீ தேடிப் போனே, கெடைச்சுது. அவ்ளோதான்," என்றார் டாக்டர். நல்ல மனிதர். நான் வாதம் செய்யவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். தேடிய இடம் எதிலும் அது கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திக் கையேந்திய பிறகு, அதை ஒரு டம்ளரில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். காலையிலிருந்து நான் சலித்துக்கொண்ட அந்தத் தலைவலி இல்லாமலிருந்தால் எனக்கு வெறும் தண்ணீர்தான் வந்திருக்கும்.

இப்போது என் மேசைக்கு வருகிறவர்களிடம், மாத்திரை போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வாய்க்குள் போவதையெல்லாம் சொல்லச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் என்ன கொண்டுவந்தார்கள் என்றும் கேட்கிறேன். அதே சோடா இன்னும் சில வீடுகளிலிருந்து வெளியே வந்திருக்கிறது.

என் துஆவும் மாறிவிட்டது. அத்தாவும் தங்கையும் அதில் இருக்கிறார்கள். ஆனால் முதலில், எனக்குத் தெரியாததைக் காட்டு என்று கேட்கிறேன். பயம் இன்றும் உண்டு. பயத்தோடேயே கேட்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கையிலிருப்பதெல்லாம் செய்து முடித்தும் கதவு திறக்காமல் இருக்கலாம். செய்ய வேண்டியதை விடாதீர்கள். அது தீர்ந்துபோகும் இடத்தில் வெட்கப்படாமல் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்ட பிறகு, உங்கள் முன்னால் யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், குடிப்பதற்கு முன் ஒரு நொடி குனிந்து பாருங்கள்.