சம பங்கும் ஒரு கையும்

யாழ்ப்பாணத்தில், குருநகருக்கு அப்பால் ஒரு கரையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிரே மீனவர் சங்கக் கூட்டம். ஐஸ், மண்ணெண்ணெய், வலை எல்லாம் இங்கே பொது. எல்லோருக்கும் சம பங்கு. இனித் தேர்தல் வேண்டாம், இருக்கிற தலைவரே தொடரட்டும் என்று ஒருவர் கேட்க, கைகள் உயர்கின்றன. வாசலில் நிற்கும் அந்தோனி என்ற மீனவர் மட்டும் உயர்த்தவில்லை.

“தலைவர் கூடாதவரோ?” அருகே போய் அவரிடம் தயங்கித்தான் கேட்கிறேன்.

“சீச்சீ, தங்கமான மனுசன் அண்ணை. அவராலைதான் எனக்கும் பங்கு ஒழுங்காக் கிடைக்குது.”

“பிறகேன்?”

“சமதர்மம் எண்டு துவங்கின எத்தினை நாடு உப்பிடித்தான் தேர்தலை விட்டது? நாளைக்கு அவரே மாறினா எப்பிடி இறக்கிறது?”

“எதிர்க்கிறது ஆர்?” உள்ளேயிருந்து தலைவரே கேட்கிறார்.

அந்தோனி கையை உயர்த்துகிறார்.

“உள்ளை வந்து கதை, அந்தோனி.”

ஒருவரும் நகர்ந்து வழிவிடவில்லை. அவர் வாசலில் நின்றபடியே கதைக்கத் தொடங்குகிறார்.