நன்றி சொல்லாத இஸ்திரிக்காரி

எங்கள் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரியைப் பற்றி எல்லோருக்கும் ஒரே புகார். வேலையில் குறை கிடையாது. மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஆனால் காசைக் கையில் கொடுத்தால் ஒரு நன்றி வராது. மாடி வீட்டு வக்கீல் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, ஒரு தேங்க்ஸ் சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"துணியில சுருக்கம் இருந்தா சொல்லுங்க சார், எடுத்துத் தரேன். மூஞ்சியில இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

நன்றி சொல்ல அவளுக்குத் தெரியாது என்று நினைத்தால் தவறு. கடல் கடந்த ஒரு தீவின் மொழியில் அதைச் சொல்ல அவளுக்குப் பயிற்சியே கொடுத்தார்கள்.

அவள் அம்மா தள்ளுவண்டியில் காய்கறி விற்றவள். வண்டி தெருவுக்குள் நுழையும் முன் குரல் நுழைந்துவிடும். அப்பா இல்லாத பெண்ணை மதச் சபையின் பள்ளி இலவசமாகப் படிக்க வைத்தது. படிப்பு முடிந்த கையோடு சபையம்மாக்கள் வீட்டுக்கு வந்தார்கள். "படிக்க வெச்சோமே, நன்றி வேண்டாமா?" என்றார்கள். நன்றி என்றால், அந்தத் தீவுக்குப் போய் மதம் பரப்ப வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவன் வயிற்றையே எழுதி வாங்கிக்கொள்வதற்குத் தருமம் என்று பெயர் வைத்த உலகம் இது.

தீவுக்கு அனுப்பும் முன் அவளைச் சேர்த்த பயிற்சி இல்லத்தில் ஒரு வழக்கம். தீவு மொழியைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது. சொந்த மொழியில் வாய் திறந்தவள் கழுத்தில், சோப்புக்கட்டி அளவு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கோத்து மாட்டுவார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, வேறொருத்தி சொந்த மொழியில் பேசும்போது பிடித்து அவள் கழுத்தில் மாட்டுவது. பிடிபட்டவள் கைகூப்பி, பிடித்தவளுக்குத் தீவு மொழியில் நன்றி சொல்ல வேண்டும், தன்னைத் திருத்தியதற்காக. மாதம் ஒருமுறை உறவினர் வரும் ஞாயிறன்று கட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ, அவள் உறவினருக்குக் கதவு திறக்காது. அன்பைப் போதிக்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் காட்டிக்கொடுப்பது.

ஒரு மாதம், அந்த ஞாயிறுக்குச் சில நாள் முன்பு, வாசல் காவலாளி அவளைக் கூப்பிட்டார். "உங்கம்மா போன் பண்ணாங்கம்மா. தொண்டையில புத்துநோயாம். திங்கக்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம், அப்புறம் பேச்சு வராதாம். ஞாயித்துக்கிழமை வந்து உன்கிட்ட பேசிட்டுப் போறேன்னாங்க."

"ஐயோ, அம்மா!"

அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் கட்டையோடு ஒருத்தி நின்றிருந்தாள். கயிறு கழுத்தில் விழுந்தது. 'ஐயோ' என்பதற்குத் தீவு மொழியில் என்ன சொல் என்று அவர்கள் இன்னும் கற்றுத்தரவில்லை. 'நன்றி' கற்றுத்தந்திருந்தார்கள். அழுதுகொண்டே சொன்னாள்.

தலைமையம்மாவிடம் போய்க் கெஞ்சினாள். சொந்த மொழியில் பேசத் தலைமையம்மாவுக்கு மட்டும் தடையில்லை.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா. ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கில்ல? காதைத் தீட்டி வெச்சுக்க."

தீட்டினாள். ஆனால் அவள் பக்கத்தில் வந்தாலே எல்லோரும் ஊமையானார்கள். எல்லோருக்கும் அம்மா அப்பா வருகிற நாள். ஞாயிறு காலையும் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில்காரி, குள்ளி என்று எல்லோரும் கூப்பிடும் பெண், காய்ச்சலில் நோயறையில் கிடந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். போட்டுவிட்டு, காதை அவள் வாயருகே வைத்தாள்.

"அப்பா... தண்ணி..."

முதலில் தண்ணீரைக் கொடுத்தாள். பிறகு கட்டையை மாட்டினாள். குள்ளி கண்ணைத் திறக்காமலே, வெடித்த உதட்டால் தீவு மொழியில் நன்றி சொன்னாள்.

சந்திப்பறையில் மட்டும் சொந்த மொழிக்கு அனுமதி உண்டு. அம்மா உள்ளே வந்தாள். தெருவை எழுப்பிய குரல் சருகாகியிருந்தது.

"பேசும்மா" என்றாள் மகள். "நீ பேசு, நான் கேக்கறேன்."

"என்னத்தப் பேச? மனசே ஆறலடி. பஸ்ல ஒரு மனுஷன் கூட வந்தாரு. குள்ளமா ஒரு பொண்ணு இருக்காமே இங்க, அவளோட அப்பா. மகளுக்குக் காய்ச்சல்னு கேட்டு, போட்ட செருப்பு அறுந்தது தெரியாம ஓடி வந்திருக்காரு. உள்ள விடல. ஏதோ கட்டையாம். காய்ச்சல்ல கிடக்கறவ கழுத்துலயாடி மாட்டுவாளுங்க? எவ அவ?"

"தெரியலம்மா."

"பாவி. அவளப் பெத்தவ நாக்கு அழுகிப் போக!"

இருமல் வந்தது. மகள் முதுகைத் தடவினாள். "அதை விடும்மா. வேற ஏதாவது பேசு. என்னைப் பத்திப் பேசு."

"உனக்கென்னடி, ராஜாத்தி மாதிரி இருக்க. அந்தாளு இன்னும் கேட்டுலயே நிக்கிறாரான்னு எட்டிப் பாரு..."

மணி அடித்துவிட்டார்கள். அம்மாவின் குரலில் அவள் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை. மிச்சமிருந்த குரலையெல்லாம் அம்மா யாரோ ஒருவருக்காகச் செலவழித்துவிட்டுப் போனாள்.

அவள் நேராக நோயறைக்குப் போனாள். குள்ளி விழித்திருந்தாள்.

"குள்ளி, உங்கப்பா வந்திருந்தாரு. கேட்டுலயே நின்னுட்டுப் போயிட்டாரு. என்னாலதான்."

சொந்த மொழியில்தான் சொன்னாள். இதை வேறு எந்த மொழியில் சொல்வது? குள்ளியின் கண் நிறைந்தது. கையூன்றி எழுந்தாள். கட்டிப்பிடிக்கத்தான் எழுகிறாள் என்று இவள் குனிந்தாள். கயிறு கழுத்தில் விழுந்தது. கையை எடுத்துக்கொண்டு குள்ளி காத்திருந்தாள். கதவருகே வந்து நின்ற தலைமையம்மாவும் காத்திருந்தார்.

"ம், சொல்லும்மா."

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. நன்றி கெட்டவள் என்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள். குள்ளியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நாய்களைச் சண்டைக்கு விடுகிறவனை விட்டுவிட்டு நாயை அடிப்பதில் என்ன நியாயம்?

ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா கழுத்தில் கட்டோடு கிடந்தாள். பெட்டியும் கையுமாக நிற்கும் மகளைப் பார்த்துக் கண்ணாலேயே 'ஏன்டி?' என்றாள்.

"துரத்திட்டாங்கம்மா." பெட்டியைக் கீழே வைத்தாள். "அந்தக் கட்டைய மாட்டினது நான்தான்."

அம்மா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னாள். காற்றுகூடச் சத்தமாக வரவில்லை. எழுதிக் காட்ட அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது.

இப்போது அந்த அம்மா கடைக்குள் உட்கார்ந்து துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். சில சமயம் கை நின்றுபோகும், உதடு அசையும். மகள் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்தபடி அந்த வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வக்கீல் அவசரப்படுத்துவார்.