சொட்டிக்கொண்டே வந்த தகரப் பெட்டி

வந்தவர்கள்: சைக்கிள் கடை சுடலைமுத்து, வாத்தியார் அருள்ராஜ், வண்டிக்கார அண்ணாச்சி, அவருடைய இரண்டு மாடுகள். வராதவன்: மாடசாமி.

வீடு மாற்றுவது என்றால் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் மாடசாமி. அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நாலு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி. வடக்கே சீனாக்காரனோடு சண்டை. தென்காசியில் ஒவ்வொரு டீக்கடையிலும் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். சண்டை என்னவோ இமயமலையில்தான்... ஆனால் எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு சாணை பிடிக்கிறவன் வந்தால்கூட, 'இவன் ஒற்றனாக இருப்பானோ?' என்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காது, நெருப்புப் பெட்டி கிடைக்காது என்று நாளுக்கொரு பேச்சு.

மாடசாமி பீடிச் சங்கத்து ஆள். சிவப்புக் கொடி பிடிக்கிறவன். சிவப்பு என்றால் சீனாக்காரன் பக்கம் என்று சங்கத்துக்காரர்களை ஒவ்வொருவராக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நானோ சர்க்கார் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் போலீஸ் ரிப்போர்ட் சுத்தமாக வர வேண்டும். அது இன்னும் வரவில்லை. அதற்குள் வாடகை குறைவு என்று மேலகரத்துக்கு வீடு மாற்றம்.

நல்ல நேரம் தப்பக் கூடாது என்று அம்மா விளக்கையும் நிறைகுடத்தையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு பின்னால் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் அருள்ராஜ்தான் முதலில் பார்த்தான்.

"ஏலே, இந்தத் தகரப் பொட்டி யாருது?"

எங்கள் வீட்டுப் பெட்டி இல்லை. பழைய பெட்டி. பெரிய பூட்டு.

"மாடசாமித் தம்பி கொண்டாந்து வச்சுதுல்லா?" என்றார் வண்டிக்காரர். "காலம்பற நீங்க உள்ள இருந்தீய. 'இதையும் ஏத்திக்கிடுங்க அண்ணாச்சி'ன்னுச்சு. அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துச்சு... விறுவிறுன்னு போயிட்டுது."

அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தானாமே! ஏன் பார்த்தான்? என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பூட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சங்கத்துக் காகிதமா? நோட்டீஸா? அதைவிட மோசமான ஏதாவதா? சர்க்கார் குமாஸ்தாவின் வீட்டைச் சோதனை போட மாட்டார்கள் என்று என் தலையில் கட்டிவிட்டானா?

அப்போதுதான் பெட்டியின் மூலையைக் கவனித்தோம். சொட்டு... சொட்டு... செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஆசிட்டுலே!" என்றான் அருள்ராஜ். ஐந்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்துகிறவன். அவன் சொன்னால் மறுப்பது யார்? "தகரத்தையே அரிச்சிட்டு வருது பாரு!"

"சும்மா கெட. மழத் தண்ணியா இருக்கும்" என்றான் சுடலைமுத்து.

"மழத் தண்ணி செவப்பாவாலே இருக்கும்?"

"இது வெடிச்சா எம் மாட்டுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று வண்டியை நிறுத்திவிட்டார் அண்ணாச்சி. சரியாகச் சிற்றாற்றுப் பாலத்தின் மேல்.

எதிரே சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். எங்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஏன் அப்படிப் பார்த்தார்? மழைக்காகத்தான் தொப்பியை இழுத்தாரா?

"ஆத்துல போட்டுருவோம்" என்றேன் நான்.

"மாடசாமி நம்ம பயலே! ஒரு வார்த்த கேக்காம எப்படிலே?" என்று சுடலைமுத்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"எனக்கு வேல போச்சுன்னா நீ தருவியா?"

கையை எடுத்துவிட்டான். மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். என்ன கனம்! கனம் கூடக்கூட என் சந்தேகமும் உறுதியானது. ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை முங்கியது, ஒரு முறை மிதந்தது, பிறகு பெட்டியைக் காணோம். அப்பாடா!

மேலகரத்தில் அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எய்யா, மொதல்ல உப்புப் பொட்டிய எறக்கு. நேரம் ஆவுதுல்லா."

"என்ன உப்புப் பொட்டி?"

"புது வீட்டுக்குள்ள மொதல்ல உப்பு போவண்டாமா? மாடசாமிட்ட சொல்லியிருந்தேன். தூத்துக்குடி உப்பளத்துல அவனுக்கு ஆளு உண்டும். 'சண்டக்காலம், உப்பும் கெடைக்காமப் போயிரும் அத்த. ஒரு வருசத்துக்குச் சேத்தே கொண்டாந்திருதேன்'ன்னான். மழையில நனையாம இருக்க அவங்க அக்கா பொட்டியக் கேட்டு வாங்கியிருக்கான்."

கல்லுப்பு! ஈரக்காற்று பட்டால் கசியும் என்பது அடுப்படிக்குப் போகிற யாருக்கும் தெரியும். துருப்பிடித்த பெட்டியில் கசிந்தால் பழுப்பாகத்தானே வரும்? ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க, படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் திட்டவில்லை. "அந்தப் புள்ளைட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். கடையில் ஒரு படி உப்பு வாங்கி வந்து, அதற்குப் பிறகே பால் காய்ச்சினாள்.

மறுநாள் மாடசாமியைத் தேடிப் போனேன். பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினான். மறுபடியும் எனக்குச் சந்தேகம்!

"நீ இங்கன எதுக்குலே வந்த? ரெண்டு நாளா எம் பின்னால ஒருத்தன் சுத்துதான். ஸ்டேஷன்ல கூட்டாளிமாரு பேரெல்லாம் கேக்காவ. அதான் பொட்டிய வண்டியில வச்சிட்டு ஒன் வீட்டுக்குள்ள வராமப் போயிட்டேன். ஒன் ரிப்போர்ட்டு போகாம இருக்குல்லா?"

மறுபடி உட்கார்ந்து கத்திரியை எடுத்தான்.

"உப்பு போய்ச் சேந்துச்சா? அத்த என்ன சொன்னாவ?"

'வந்து சேர்ந்தது' என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒரு நிமிஷம் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியவில்லை. பாலம், ஆசிட், ஆறு – எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கத்திரியைக் கீழே வைத்தான்.

"போலீசுக்காரன் சம்பளம் வாங்கிட்டுச் சந்தேகப்படுதான். நீ எதுக்குலே ஓசியில பட்ட?"

சீனாக்காரன் எங்கள் ஊர் வரைக்கும் வரவே இல்லை. நாங்களே போதுமாயிருந்தோம்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது, வேலை நிரந்தரமாயிற்று. மாடசாமி அப்புறம் இரண்டு மாதம் வரவில்லை. பொங்கலன்று வந்தான். அம்மா இலை போட்டாள். "அத்த, கறியில உப்பு கம்மி" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவன் அக்காவுக்குப் புதுப் பெட்டி எட்டரை ரூபாய், உப்புக்கு மூன்று ரூபாய், வாயைத் திறக்காமல் இருக்க வண்டிக்கார அண்ணாச்சிக்கு ஒரு ரூபாய். ஆக, நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டியது பன்னிரண்டரை ரூபாய்.